தோள் குடித்த தைலம்

"பாய்லர்ல விசில் இல்லைங்க" என்றார் மெக்கானிக்.

இதற்காக அவர் வருவது இரண்டாவது முறை. முதல் முறை ஒரு வால்வை மாற்றிவிட்டுப் போனார். இப்போது மாற்றுவதற்கு எதுவும் மிச்சமில்லை.

"இருக்கு" என்றார் கஞ்சி. "இதோ, இப்பக்கூடக் கேக்குது."

மெக்கானிக் உள்ளே போய் பாய்லரை நிறுத்தினார். குழாய்களில் நீராவி அடங்கியது. சலவைக் கடையில் இருந்த எல்லோரும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"இப்ப?"

"இப்பவும் கேக்குது."

"அணைச்ச பாய்லர் எப்படிங்க விசிலடிக்கும்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களைக் கூப்பிட்டிருக்கு?"

மெக்கானிக் முதலாளியம்மாவைப் பார்த்தார். முதலாளியம்மா கூரையைப் பார்த்தார்.

விசில் கஞ்சியின் காதுக்குள் இருந்தது. அதை அங்கே கொண்டுபோய் வைத்தது வலது தோளில் அவர் பூசிக்கொண்டிருந்த வலித் தைலம். அது தோல் வழியாக ரத்தத்தில் இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அவர் உடம்பில் விஷமாகிக்கொண்டிருந்தது. அன்றைக்கு இது அவருக்குத் தெரியாது. மெக்கானிக்குக்குத் தெரியாது. தினமும் தன் கையாலேயே பூசிவிட்ட மனைவிக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அத்தனை பேர் தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தியிருக்க வேண்டாம்.

கஞ்சி என்பது கடையில் வைத்த பெயர். சட்டைக்குக் கஞ்சி போடுவதில் அவர் காட்டும் கறாருக்காக வைத்ததா, நடையிலும் பேச்சிலும் இருந்த விறைப்புக்காகவா என்று கேட்டால், வைத்தவர்களே ஆளுக்கொன்று சொல்வார்கள். வாலிபத்தில் ஒரு தையல்காரரிடம் தையல் விளிம்புகளை அமுக்கிக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். பிறகு ஒரு ஹோட்டலின் நிலவறையில் படுக்கை விரிப்புகளோடு பல வருடங்கள். விரிப்பு தேய்ப்பது ஒரு வேலையே அல்ல, வயல் உழுவது போல என்பார். இந்தக் கடைக்கு வந்த பிறகுதான் சட்டை மேசை கிடைத்தது. கொடுத்தவர் இப்போதைய முதலாளியம்மாவின் அப்பா. அதற்குப் பிறகு அந்த மேசையில் வேறொருவர் இஸ்திரிப்பெட்டியை வைத்ததில்லை.

சட்டைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் காலர், இரண்டு நுனிகளிலிருந்தும் நடுவை நோக்கி. நடுவிலிருந்து நுனிக்குத் தள்ளினால் சுருக்கமெல்லாம் நுனியில் போய் மூட்டை கட்டிக்கொள்ளும். அடுத்து தோள் பட்டி, பிறகு மணிக்கட்டுப் பட்டி, கைகள், கடைசியில் முதுகும் முன்புறமும். மேலே ரப்பர் குழாயில் தொங்கும் நீராவிப் பெட்டி. காலடியில் ஒரு மிதி. மிதித்தால் மேசை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். எந்தச் சட்டையானாலும் உள்ளே தைத்திருக்கும் துண்டுத் துணியைப் புரட்டிப் பார்க்காமல் பெட்டியை வைக்கமாட்டார். எவ்வளவு சூடு, நீராவி ஆகுமா ஆகாதா என்று அதில் போட்டிருக்கும். பக்கத்து மேசையில் பேன்ட்டுகள் மட்டும் தேய்க்கிற ஒருவன் இருந்தான். அவனுக்குப் பேன்ட்டு என்றே பெயர். "படிச்சியா? படிக்காம வைக்காதே" என்று கஞ்சி அவனிடம் நாள்தோறும் சொல்வார்.

தோள் போன வருடக் கடைசியில் படுத்த ஆரம்பித்தது. சட்டையின் முதுகை விரித்துப் பெட்டியை அந்தக் கோடிவரை நீட்டும்போது உள்ளே ஏதோ பிடித்து இழுத்தது. பிறகு கை தலைவரை எழும்பவே மறுத்தது. சீப்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். டாக்டரிடம் போனார். ஓய்வு கொடுங்கள், சுவரில் விரல்களை ஏற்றி இறக்கிப் பழகுங்கள் என்றார் டாக்டர். ஓய்வு என்ற சொல்லைக் கேட்டதும் கஞ்சி செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

முதலாளியம்மாவுக்கும் கண் இருந்தது. மேசையில் சட்டைகள் தேங்குவதைப் பார்த்தார்.

"அண்ணே, மாசக் கடைசிவரைக்கும் பாக்கறேன். தோள் சரியாகலைன்னா நீங்க உறை மேசைக்கு மாறிக்கங்க. பேன்ட்டு சட்டைக்கு வரட்டும்."

உறை மேசை என்பது தேய்த்து முடித்த துணிகளுக்குப் பாலித்தீன் உறை மாட்டி, எண் சீட்டைக் குத்துகிற இடம். அங்கே ஒரு நாற்காலி உண்டு.

"அந்த நாற்காலியிலயா?"

"நாற்காலிதானே? முள்ளா இருக்கு?"

"அதுல உக்காந்தவன் எவனும் மறுபடி பெட்டியைப் பிடிச்சதில்லைம்மா."

"அதுக்கு நாற்காலி என்ன பண்ணும்?" என்று சொல்லிவிட்டு முதலாளியம்மா போய்விட்டார்.

அன்று மாலை கஞ்சி மருந்துக் கடையில் ஒரு பெரிய டப்பா தைலம் வாங்கினார். பந்து விளையாடுகிறவர்கள் கூட்டமாகச் சேர்ந்து வாங்குகிற அளவு. அட்டைப் பெட்டியையும் அதற்குள் மடித்து வைத்திருந்த தாளையும் கடை வாசலிலேயே குப்பைக் கூடையில் போட்டார். பையில் இடம் அடைக்கும்.

தைலத்தை எப்படிப் பூசுவது என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. காய்ந்து முறுக்கிக்கொண்ட லினன் சட்டை எடுத்த எடுப்பில் பெட்டிக்கு மசியாது. தண்ணீர் தெளித்து, சுருட்டி, பாலித்தீன் உறைக்குள் மூடி வைக்க வேண்டும். ஈரம் இழை இழையாக உள்ளே இறங்கும். அதன்பிறகு சூடு. அப்போது எப்பேர்ப்பட்ட சுருக்கமும் படியும். தோளும் அப்படித்தான் என்று முடிவு கட்டினார்.

கடையிலிருந்து உறைகளைக் கொண்டுவந்தார். மனைவி தைலத்தைக் கெட்டியாக அப்புவார். அதன்மேல் உறையைக் கிழித்துச் சுற்றி, துணிப்பட்டையால் இறுக்கிக் கட்டுவார். மகள் ஒரு துண்டை நாலாக மடித்து, வீட்டு இஸ்திரிப்பெட்டியால் சூடேற்றிக் கட்டின்மேல் போடுவாள். ஆறினால் இன்னொரு துண்டு.

"இறங்குது" என்பார் கஞ்சி கண்ணை மூடிக்கொண்டு. "நல்லா இறங்குது."

மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். ஒருமுறை கேட்டாள். "எவ்வளவு பூசணும்னு எதுலயாவது போட்டிருக்குமேப்பா?"

"வெளியில பூசறதுக்கு என்னடி அளவு? நானா குடிக்கிறேன்?"

குறைந்தது போலத்தான் இருந்தது. எரிச்சல் இருக்கும்வரை வலி தெரியாது. எரிச்சல் போனதும் வலி இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஆகவே காலையிலும் பூசினார். பிறகு கழுத்துக்கும் முதுகுக்கும் சேர்த்து. பிறகு, தோளை அனுசரித்து நின்று நின்று வலிக்க ஆரம்பித்த இடுப்புக்கும். உறையைச் சுற்றிக்கொண்டே அதன்மேல் சட்டையை மாட்டி வேலைக்குப் போனார். நீராவிக்கு நடுவே அப்படியே நாள் முழுக்க நின்றார். வீட்டில் செய்வதைவிட அங்கே இன்னும் நன்றாக இறங்கியது. டப்பா காலியானது, இன்னொன்று வந்தது.

வாடிக்கையாளர் ஒருவர் தன் வெள்ளைச் சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார். "இதைப் போட்டுக்கிட்டு மீட்டிங்ல உக்காந்தா, பக்கத்துல இருக்கறவர் எனக்கு ஜலதோஷமான்னு கேக்கறாரும்மா" என்றார். முதலாளியம்மா மன்னிப்புக் கேட்டு, மறுபடி வெளுத்துக் கொடுத்தார். கஞ்சியிடம் கேட்டதற்கு, "எனக்கு ஒரு வாசனையும் தெரியலையே" என்றார். அது உண்மை. அந்த வாசனைக்குள்ளேயே குடியிருந்ததில் அவர் மூக்கு அதை மறந்துவிட்டிருந்தது.

விசில் அப்போதுதான் வந்தது. முதலில் பாய்லரில். பிறகு வீட்டுக்கும் கூடவே வந்து குளிர்சாதனப் பெட்டிக்குள் புகுந்துகொண்டது. ஒருநாள் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நிம்மதியாகப் படுத்தார். நிம்மதி வரவில்லை. காலையில் பால் திரிந்து, காய்கறிகள் வேர்த்துப் போயிருந்தன.

"ஏன் பிடுங்கினீங்க?" என்று மனைவி கேட்டார்.

கஞ்சி திரிந்த பாலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களைத்தான். செவுத்தையா கேக்கறேன்?"

"என்னது?"

மனைவி பஸ் நிலையத்தில் விசாரணைக் கவுன்டரில் உட்காருகிறவர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவரும் ஒரு மைக்கும். அந்தப் பக்கம் ஊர். எந்த பஸ் எங்கே நிற்கும் என்று தலைக்குமேல் பெரிய பலகையில் எழுதியிருக்கும். அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு அதையே கேட்பார்கள். சொன்னால் காதில் விழாமல் மறுபடி கேட்பார்கள்.

"பகல் பூரா அங்க கத்தறேன். படிக்கத் தெரிஞ்சவங்க, பலகையை நிமிந்து பாக்கமாட்டாங்க. சரி, அது சம்பளத்துக்கு. வீட்டுக்கு வந்தா இங்க ஒரு ஆள். உங்களுக்கும் ஒரு மைக் வாங்கி வைக்கவா?"

"மைக்ரோவேவா? அதெல்லாம் எதுக்கு இப்ப?" என்றார் கஞ்சி.

அவர் வேண்டுமென்றே செய்கிறார் என்றுதான் மனைவி நினைத்தார். கல்யாணமான புதிதிலிருந்தே, பதில் சொல்லப் பிடிக்காத கேள்வி அவர் காதில் விழுவதில்லை. இப்போது எல்லாக் கேள்விகளையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார் என்று தோன்றியது. கோபத்தில் இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தார். அந்த வித்தியாசமே கஞ்சிக்குத் தெரியவில்லை. அதுதான் மனைவியை இன்னும் பற்றியெரிய வைத்தது.

கடைசியில் மகள்தான் காது டாக்டரிடம் அழைத்துப் போனாள். கிளம்புவதற்கு முன் மனைவி அவரைக் குளியலறைக்குள் தள்ளி, சோப்பு போட்டுச் சொரசொரவென்று தேய்த்துவிட்டு, பவுடரும் கொட்டி, துவைத்த சட்டையை மாட்டினார். "பஸ்ல போன தடவை உங்க பக்கத்துல உக்காந்திருந்தவங்க எழுந்து போயிட்டாங்க. டாக்டர் முன்னாடியாவது மனுஷ வாசனையோட இருங்க."

அந்த ஒருநாள் அவரைக் கழுவாமல் அனுப்பியிருந்தால் போதும். வாசலில் கால் வைக்கும்போதே டாக்டர் மூக்கைச் சுளித்திருப்பார்.

டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். அழுக்கை எடுத்தார். பெட்டிபோன்ற ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்துச் சத்தங்களைப் போட்டுக் காட்டினார். பிறகு கேட்டார்.

"வலிக்கு ஏதாவது மாத்திரை எடுக்கறீங்களா? சில மாத்திரை இந்த மாதிரி காதுல சத்தத்தைக் கொண்டுவரும். கேக்கறதும் குறையும்."

மகள் கேள்வியைக் காதருகே கத்தினாள்.

"மாத்திரையா? நான் தொடறதே இல்லை சார்" என்றார் கஞ்சி. அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "இத்தனை வயசுக்கு என் வீட்டுல மாத்திரை டப்பாவே கிடையாது."

மகளும் தலையாட்டினாள். டாக்டர் பேனாவை மூடினார். "வயசு. அப்புறம் வேலை செய்யற இடத்துச் சத்தம். பழகிக்க வேண்டியதுதான்."

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றித் தோளைக் காட்டினார். அன்று பகலில் பூசாமல் விட்டதற்கும் சேர்த்து அப்பச் சொன்னார்.

மாதக் கடைசி நெருங்கிய வாரத்தில், ஒரு பெரிய ஹோட்டலின் சீருடைச் சட்டைகள் வந்து குவிந்தன. கஞ்சிக்கு அப்போது மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. மேசையருகே நிற்பவர் மாடிப்படி ஏறுகிறவரைப்போல மூச்சுவிட்டார். வேர்த்துக் கொட்டியது. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டியது. பேன்ட்டு என்ன சொன்னாலும் "விசிலை நிறுத்தச் சொல்லு" என்பதே பதிலாக வந்தது. அன்று ஒரு சட்டையின் முதுகில் பெட்டியை வைத்தவர் அதை எடுக்க மறந்தார். புகை வந்தபிறகு பேன்ட்டு பாய்ந்து எடுத்தான். சட்டையின் நடு முதுகில் பெட்டியின் முழு வடிவமும் பழுப்பாகப் பதிந்திருந்தது.

கஞ்சி சட்டையைப் பொசுக்கியது அதுவே முதல் தடவை. அவர் அதை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு நேராக பாய்லர் அறைக்குப் போய், அடிக் குழாய்த் திருகைத் திறந்து, கொதி நீரையும் நீராவியையும் மொத்தமாக வெளியேற்றிவிட்டு வந்தார்.

"இப்ப அடிக்கட்டும் பாக்கலாம்" என்றார்.

வற்றிய பாய்லரை நிரப்பி மறுபடி சூடேற்றி நீராவி கிளப்ப அரை நாள் ஆகும். ஹோட்டல் சட்டைகள் மலைபோல் கிடந்தன. முதலாளியம்மா ஓடிவந்தார். கையைக் கூப்பினார்.

"அண்ணே. உங்க கால்ல விழறேன். உறை மேசைக்குப் போங்க."

"என்ன?"

"உறை! மேசைக்கு! போங்க!"

வெளியே தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இது அவர் காதில் விழுந்தது. அவர் நாற்காலிக்குப் போகவில்லை, வீட்டுக்குப் போனார். மனைவி கவுன்டரிலும் மகள் கடையிலும் இருந்த பகல் நேரம். மேசையைத் திரும்பப் பிடிக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். டப்பாவில் மிச்சமிருந்ததையெல்லாம் எட்டிய இடத்திலெல்லாம் பூசிக்கொண்டு, உறைகளைச் சுற்றிக்கொண்டு, போர்வையால் மூடிப் படுத்தார்.

மனைவி வேலை முடிந்து வந்தபோது அவர் கட்டிலில் உட்கார்ந்து, ஓடிவந்தவர்போல மூச்சு வாங்கிக்கொண்டு, இல்லாத சட்டையை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். "துண்டைக் காணோம். எவ்வளவு சூடுன்னு எழுதியிருக்கிற துண்டைக் காணோம்" என்றார். மனைவிக்கு அப்போதுதான் கோபம் விட்டுப் பயம் வந்தது. உறைகளை அறுத்தெறிந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஈரத் துணியால் உடம்பைத் துடைத்து, அழகான சட்டை ஒன்றையும் மாட்டிவிட்டார். அந்தப் பழக்கத்தை என்ன சொல்ல.

ஆஸ்பத்திரியில் நெஞ்சுச் சளி முற்றிவிட்டது என்று நினைத்தார்கள். மூச்சு வாங்குவது, காய்ச்சல், பிதற்றல் எல்லாம் அதற்குப் பொருந்தியது. டாக்டர் ஒரு இளம் பெண். என்னென்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று மனைவியும் மகளும் ஒரே குரலில் சொன்னார்கள். மூக்கில் குழாயும் கையில் ஊசியும் ஏறின. குளுக்கோஸ் இறங்கியது. அடுத்த நாள் மூச்சு வாங்குவது குறைந்தது. அதற்கடுத்த நாள் மனைவியை அடையாளம் கண்டு, "கவுன்டருக்குப் போகலையா?" என்று கேட்டார். பதில் சொன்னபோது ஒரே தடவையில் கேட்டுக்கொண்டார். விசில் தூரத்துக்குப் போயிருந்தது. எல்லோரும் மருந்தைப் புகழ்ந்தார்கள்.

உடம்பு தேறியதும் தோள் ஞாபகம் வந்தது.

"மாசம் பொறந்துடுச்சா?"

"அதைப்பத்தி இப்ப என்ன?"

"படுத்தே கிடந்ததுல இறுகிப் போச்சு. ரெண்டு நாளா ஒண்ணும் போடலை. டப்பாவைக் கொண்டு வாங்க."

பாவமாக இருந்தது அவர்களுக்கு. மகள் வழியில் புது டப்பா வாங்கி வந்தாள். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, மனைவி அவரைக் குப்புறப் படுக்கவைத்துத் தாராளமாகப் பூசினார். உறை இல்லை. ஆஸ்பத்திரி மெத்தையின் ரெக்ஸின் விரிப்பு இருந்தது. அதை இழுத்துத் தோளுக்குமேல் போர்த்தினார்கள். சுடுதண்ணீர்ப் பையை நர்ஸிடமே கேட்டு வாங்கி அதன்மேல் வைத்தார்கள். காலையிலும் சாயங்காலமும், மறுநாளும்.

மறுநாள் சாயங்காலம் விசில் முழு வேகத்தில் திரும்பி வந்தது. கூடவே மூச்சிரைப்பும். டாக்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இன்னும் பலமான மருந்துக்கு எழுதினார்.

முதலில் பொறுமை இழந்தவர் பக்கத்துக் கட்டில்காரர்தான். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆனவர். "சிஸ்டர், கண்ணைத் திறக்க முடியலை. யாரோ பக்கத்துல மிளகாய்ப் புகை போடறாங்க" என்று அலறினார். வயதான நர்ஸ் ஒருவர் வந்து மோப்பம் பிடித்துக்கொண்டே திரையை விலக்கினார். கையெல்லாம் தைலத்தோடு மனைவி நின்றார்.

"இது என்ன வார்டா, குஸ்தி மேடையா? யாரைக் கேட்டும்மா பூசறீங்க?"

"தோள் வலிங்க. வெளியிலதானே பூசறோம்."

நர்ஸ் விரிப்பைத் தூக்கினார். முதுகு முழுக்கச் சிவந்து, தண்ணீரில் ஊறிய கைபோலச் சுருங்கியிருந்தது. "எத்தனை நாளா நடக்குது இந்தக் கூத்து?"

"ஒரு மாசமா."

"இப்படி மூடி வச்சா?"

"மூடி, சூடும் வைப்போம். அப்பதான் இறங்கும்னு சொல்வாரு."

நர்ஸ் திரும்பி நடக்கவில்லை, ஓடினார். டாக்டர் வந்தார். ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வருவதற்குள்ளேயே அவரைக் கழுவச் சொன்னார். முடிவு வந்ததும் டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்ன மருந்து எடுக்கறாருன்னு கேட்டேனா இல்லையா?"

"வாய்க்குள்ள போறதைத்தானே கேட்டீங்க" என்றாள் மகள்.

"ஆஸ்பிரின் மாத்திரை தெரியுமா? அதுக்குச் சொந்தக்காரன்தான் இந்த டப்பாவுல இருக்கறது. வாய் வழியா போனா என்ன, தோல் வழியா போனா என்ன, ரத்தத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான். கொஞ்சமா தடவினா மேலோட போயிடும். இவ்வளவு பூசி, காத்துப் புகாம மூடி, சூடும் வச்சா தோள் குடிக்க ஆரம்பிச்சிடும். காதுல விசில், மூச்சு வாங்கினது, குமட்டல், புத்தி தடுமாறினது எல்லாம் இதோட வேலை. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா நாம பேசிக்கிட்டு நிக்கமாட்டோம்." நர்ஸ் பக்கம் திரும்பினார். "நாமளே சுடுதண்ணிப் பை வேற குடுத்திருக்கோம்."

நர்ஸ் டப்பாவை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி மனைவியிடம் நீட்டினார். அடிப்பக்கத்தில் வட்டமாகச் சின்ன எழுத்துகள் ஓடின. மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பஸ் நிலையத்தில் மைக்கில் படிக்கிற அதே குரலில், ஏற்ற இறக்கமில்லாமல் படித்தார்.

"பூசிய இடத்தில் இறுக்கமாகக் கட்டுப் போடக்கூடாது. சூடு வைக்கக்கூடாது. அதிக இடத்தில் தொடர்ந்து பூசக்கூடாது."

படித்து முடித்து, டப்பாவையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கட்டில் பக்கம் திரும்பினார்.

"ஊரான் சட்டைக்குள்ள தைச்சிருக்கிற துண்டுத் துணியை விடாம படிப்பீங்க! இதைத் திருப்பிப் பாக்கத் தோணலையா? என் கையால, என் கையாலயே பூச வச்சீங்களே!"

"என்ன சொல்றே?" என்றார் கஞ்சி.

அவருக்குக் கேட்கவில்லை. மனைவி அதை முதலிலிருந்து, இன்னும் உரக்க, வார்டு முழுக்கக் கேட்கும்படி, இடையிடையே அழுதுகொண்டு மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, சிரிக்க வைக்காதீங்க, தையல் பிரிஞ்சிடும்" என்று கெஞ்சினார்.

விஷம் இறங்கச் சில நாட்கள் ஆயின. விசில் தேய்ந்து, கொசு ரீங்காரமாகி, ஒரு காலையில் இல்லாமல் போனது. தோள் வலி போகவில்லை. அதற்குச் சுவரில் விரல்களை ஏற்றி இறக்க வேண்டும் என்றார் அதற்கான டாக்டர். முதல் டாக்டர் சொன்ன அதே விஷயம்.

கடைக்குத் திரும்பியபோது சட்டை மேசையில் பேன்ட்டு நின்றுகொண்டிருந்தான். கஞ்சி உறை மேசை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். முதல் சட்டை வந்தது. உறையை எடுத்தவர் மாட்டவில்லை. சட்டையைத் தூக்கிப் பிடித்துக் காலரைப் பார்த்தார். சுருக்கமெல்லாம் நுனியில் மூட்டை கட்டியிருந்தது.

"திரும்பப் போகட்டும்."

"அண்ணே, நல்லாத்தானே இருக்கு?"

"நடுவுலேர்ந்து தள்ளியிருக்கே. திரும்பப் போகட்டும்."

அடுத்ததும் திரும்பிப் போனது. அதற்கடுத்ததும். மத்தியானத்துக்குள் சட்டை மேசையில் திரும்பி வந்தவை ஒரு குவியல், இன்னும் தேய்க்காதவை ஒரு குவியல். கொடுக்க வேண்டிய சட்டை ஒன்றுகூட வெளியே போகவில்லை. கவுன்டரில் வாடிக்கையாளர்கள் மணியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதலாளியம்மா வந்தார். "உங்க வேலை உறை மாட்டறது அண்ணே."

"மாட்டறேன். மாட்டற மாதிரி குடுக்கச் சொல்லுங்க."

"ஐயோ, நான் என்ன பாவம் பண்ணினேன்! ரெண்டு பேரும் சேர்ந்து என்னை அந்த பாய்லர்லயே போட்டு மூடிடுங்க!"

பிறகு அவரே உறை மேசையைப் பிடித்து இழுத்தார். நாற்காலி நகர்ந்தது, கஞ்சியும் எழுந்து நகர வேண்டியிருந்தது. மேசையைக் கொண்டுபோய் சட்டை மேசையின் ஓரத்தில் ஒட்டிப் போட்டார். அலமாரியிலிருந்து ஒரு சின்னக் கை இஸ்திரிப்பெட்டியை எடுத்து அதன்மேல் வைத்தார்.

"காலரும் மணிக்கட்டும் மட்டும். கையை நீட்ட வேண்டியதில்லை, முழங்கையை ஊன்றிக்கிட்டே பண்ணலாம். மிச்சத்தை அவன் பாப்பான். உறையும் நீங்கதான் மாட்டணும். இனிமே திரும்பப் போகட்டும்கிற வார்த்தை என் காதுல விழக்கூடாது. சம்மதமா?"

"நாற்காலி?"

"அதைத் தூக்கித் தெருவுல போடுங்க!"

கஞ்சி தெருவில் போடவில்லை. சுவரோரம் தள்ளிவிட்டு நின்றார். முதல் சட்டையை எடுத்து, உள்ளே தைத்திருந்த துண்டைப் புரட்டிப் படித்தார். காலரை விரித்து, நுனியிலிருந்து பெட்டியை நகர்த்தினார். தோள் வலித்தது. வலிக்கிற இடத்துக்குச் சற்று முன்பே முழங்கை நின்றுகொண்டது.

நாலைந்து காலர் ஆனபோது பெட்டி சட்டென்று நின்றது. கஞ்சி தலையைச் சாய்த்தார். முகம் வெளுத்தது. சன்னமாக, விட்டுவிட்டு, ஒரு விசில்.

"பேன்ட்டு."

"என்ன அண்ணே?"

"விசில் சத்தம் கேக்குதா உனக்கு?"

முதலாளியம்மா கவுன்டரிலிருந்து திரும்பி, இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"நான்தான் அண்ணே" என்றான் பேன்ட்டு. "பாட்டு ஒண்ணு. பழக்கதோஷத்துல வந்துடுச்சு. நிறுத்திடறேன்."

கஞ்சி பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார்.

"நீதானா?" என்றார். "அப்ப அடி."